கருப்புத் திரையில் பாஸ்வேர்ட் கேட்பது: அடிக்கடி வரும் கேள்விகள்

காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய் மண்டிகளுக்கும் இரண்டொரு எடைமேடைகளுக்கும் சின்னச் சின்ன புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் மவுஸே தேவைப்படாத கமாண்ட்-லைன் புரோகிராம்கள். மண்டியில் அதற்குப் பெயர் ‘கருப்புத் திரை’. என்னோடு வேலை பழக தர்மபுரியிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள், லாகின் பகுதி வந்ததும் வருஷா வருஷம் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் பைத்தானில், கணினி லினக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘கடவுச்சொல்’ நல்ல சொல்தான். ஆனால் எங்கள் ஊரில் பாஸ்வேர்ட் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் இங்கேயும் அப்படியே.

இந்தக் காலத்தில் ஏன் கருப்புத் திரை?

மே, ஜூனில் மண்டி வாசலில் லோடு வரிசை கட்டி நிற்கும். மவுஸைத் தேடுகிற நேரத்தில் நம்பர் பேடில் இரண்டு எடைச்சீட்டு போட்டுவிடலாம். பழைய கணினியிலும் ஓடும். அவ்வளவுதான்.

பெயர், பாஸ்வேர்ட் இரண்டையும் பைத்தானின் ‘இன்புட்’ வைத்தே கேட்டால் என்ன?

பெயரைக் கேளுங்கள், தப்பில்லை. பாஸ்வேர்டைக் கேட்டால் தட்டுவது அப்படியே திரையில் தெரியும். மண்டி கவுன்டரை ஒரு தடவை போய்ப் பாருங்கள். கணக்கு எழுதுபவர் முதுகுக்குப் பின்னால் மூன்று விவசாயி, ஒரு டிரைவர், ஒரு தரகர், எல்லாரும் திரையில் தங்கள் எடை வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் கண் இருக்கிறதே. தட்டியது திரையைவிட்டுப் போகவும் போகாது; மேலே உருட்டினால் காலையில் அடித்தது சாயந்திரமும் கிடக்கும்.

பாஸ்வேர்டுக்குப் பைத்தானோடு சேர்ந்தே வரும் ‘கெட்பாஸ்’ இருக்கிறது. இறக்குமதி செய்து, இன்புட் இருந்த இடத்தில் அதைப் போட்டால் போதும். பாஷ் (லினக்ஸில் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்) ஸ்கிரிப்டில் எழுதுகிறவர்கள் ‘ரீட்’ கட்டளையோடு சின்ன எஸ் சேர்க்க வேண்டும். சின்ன ஆர் ஒன்றையும் கூடவே போடுங்கள், இல்லாவிட்டால் பாஸ்வேர்டில் இருக்கும் பின்சாய்கோட்டை ஷெல் தின்றுவிடும்.

உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. நீங்கள் தட்டும் எழுத்தைத் திரையில் காட்டுவது உங்கள் புரோகிராம் இல்லை, டெர்மினல், அதாவது அந்தக் கருப்புத் திரை. இயங்குதளத்தில் ஒவ்வொரு டெர்மினலுக்கும் ‘எக்கோ’ என்று ஒரு சுவிட்ச் உண்டு. கெட்பாஸ் அதை அணைக்கிறது, ஒரு வரி வாங்குகிறது, மறுபடி போட்டுவிடுகிறது. திரையே இல்லாமல் காகிதத்தில் அச்சடித்த அந்தக்கால டெர்மினல்கள் சிலவற்றில் இப்படி அணைக்க வழியில்லை. அதனால் கணினி முதலில் அந்த இடத்தில் பல எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துக் கறுப்பு மை அப்பிவிடும். அதன் மேல்தான் பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். எனக்குப் பிடித்த பழங்கதை இது.

தட்டினால் ஒன்றுமே தெரியவில்லை என்கிறார்கள். என்ன சொல்வது?

முதல் மண்டியில் கெட்பாஸ் போட்டுக் கொடுத்த அன்று காலை ஆறரைக்கு போன் வந்தது.

“தம்பி, கீபோர்டு போச்சு போல.”

“பேர் அடிச்சீங்களாண்ணா?”

“பேர் வந்துச்சு. பாஸ்வேர்ட் கேட்ட இடத்துல இருந்து எந்தக் கட்டையும் வேலை செய்யல.”

நேரில் போய்ப் பார்த்தேன். கணக்குப்பிள்ளை அண்ணன் ஒவ்வொரு கட்டையையும் இரண்டு, மூன்று முறை குத்தியிருந்தார். அப்புறம் என்டர் அடித்தால் எப்படி உள்ளே விடும்? தப்பு அவருடையது இல்லை. நான் ‘பாஸ்வேர்ட்:’ என்று மட்டும் கேட்டு நிறுத்தியிருந்தேன். இப்போது என் எல்லா புரோகிராமிலும் அந்த வரி ‘பாஸ்வேர்ட் (தட்டுவது திரையில் தெரியாது, தட்டி முடித்து என்டர்):’ என்றுதான் வரும். அதற்குப் பிறகு அந்த போன் வரவில்லை.

கூடவே ஒன்று சொல்லிக் கொடுங்கள். எங்கே தப்பு செய்தோம் என்று தெரியாமல் போனால் பேக்ஸ்பேஸை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கன்ட்ரோல்-யூ அடித்தால் அந்த வரி முழுக்கத் துடைந்துவிடும், முதலிலிருந்து தட்டலாம். லினக்ஸ் டெர்மினலில் இது வேலை செய்யும். பல வருஷம் கணினி ஓட்டியவர்களுக்கே இது தெரிவதில்லை.

அதற்கு நட்சத்திரக் குறி காட்டிவிடலாமே?

காட்டலாம். பைத்தான் 3.14-லிருந்து கெட்பாஸிலேயே அதற்கு வசதி வந்திருக்கிறது: எந்தக் குறியைக் காட்ட வேண்டும் என்று ஒரு எழுத்தைக் கொடுத்தால் போதும். எதிர்வாதம் என்னவென்றால், பின்னால் நிற்பவருக்கு பாஸ்வேர்ட் எத்தனை எழுத்து என்று தெரிந்துவிடும். நாலு நட்சத்திரம் விழுந்தால் வண்டி நம்பரின் கடைசி நாலு இலக்கம்தான் என்று எங்கள் டிரைவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

லினக்ஸில் நிர்வாகி அதிகாரத்தோடு வேலை செய்ய உதவும் ‘சூடோ’ கட்டளை பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. வேண்டுமென்றால் நட்சத்திரம் காட்டும் அமைப்பு ஒன்று அதில் உண்டு. 2020 தொடக்கத்தில் அந்த அமைப்பிலேயே ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடித்து, 1.8.31 பதிப்பில் அடைத்தார்கள். மிக நீளமாக எதையாவது உள்ளே திணித்தால் நினைவகம் வழிந்தது. நட்சத்திரமே ஆபத்து என்று சொல்ல வரவில்லை. அழகுக்காகச் சேர்க்கும் நாலு வரியிலும் தப்பு வரும் என்பதற்காகச் சொல்கிறேன். அதனால் நீங்களே கையால் எழுதாதீர்கள், நூலகத்தில் இருந்தால் பயன்படுத்துங்கள். என் தனிப்பட்ட முடிவு: பொது இடத்துக் கணினி என்றால் வேண்டாம், வீட்டில் தனியாக உட்கார்ந்து ஓட்டுவது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கல்லூரி லேபில், பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டரில் ஓட்டினால் எச்சரிக்கை வந்து, பாஸ்வேர்டும் தெரிகிறதே?

ஐடில் உண்மையான டெர்மினல் இல்லை, அணைக்க அங்கே சுவிட்ச் இல்லை. அதைத்தான் அந்த எச்சரிக்கை சொல்கிறது. டெர்மினலைத் திறந்து அங்கே ஓட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

கேட்காமல், கட்டளை வரியிலேயே பாஸ்வேர்டைக் கொடுத்தால் வேகமாக இருக்குமே?

இருக்கும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கட்டளையோடு சேர்த்துத் தட்டியது இரண்டு இடத்தில் தங்கும். ஒன்று, ஷெல்லின் ஹிஸ்டரி ஃபைல். மேல் அம்புக்குறியை நாலு தடவை அமுக்கினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டாவது இதைவிட மோசம்: புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் முழுக் கட்டளை வரி, ஓடும் வேலைகளின் பட்டியலில் நிற்கும். ‘பிஎஸ்’ என்று அடித்தால் அதே கணினியில் வேறு பயனராக நுழைந்தவருக்கும் தெரியும். லினக்ஸில் சாதாரண அமைப்பு இதுதான். நாள் முழுக்க ஓடும் எடைமேடை புரோகிராம் என்றால் பாஸ்வேர்டை நாள் முழுக்கச் சுவரில் ஒட்டி வைத்த மாதிரி.

கட்டளைக்கு முன்னால் ஒரு இடைவெளி விட்டால் ஹிஸ்டரியில் ஏறாது என்று ஒரு தந்திரம் சொல்வார்கள். ஹிஸ்டரி அமைப்பில் அதற்கு அனுமதி இருந்தால் சரிதான். ஆனால் அது முதல் ஓட்டையை மட்டும்தான் அடைக்கிறது, பிஎஸ் பட்டியலில் அப்போதும் தெரியும்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் பழகுகிறவர்கள் தினமும் விழும் குழி ஒன்று. அதில் ‘-பி’ என்று மட்டும் கொடுத்தால் பாஸ்வேர்டைக் கேட்கும், அது நல்லது. -பி-யை ஒட்டி இடைவெளி இல்லாமல் எழுதினால் அது பாஸ்வேர்ட். இடைவெளி விட்டு எழுதினால் அது பாஸ்வேர்ட் இல்லை, தரவுத்தளத்தின் பெயர்! ஒரு பையன் இப்படி எழுதிவிட்டு, தன் பாஸ்வேர்டின் பெயரில் தரவுத்தளம் இல்லை என்று வந்த பிழைச் செய்தியை அப்படியே படம் பிடித்து, உதவி கேட்டு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். உதவியும் கிடைத்தது, பாஸ்வேர்டும் மாறியது.

சூழல் மாறியில் வைத்தால்?

சூழல் மாறி என்றால் இயங்குதளம் புரோகிராமுக்குக் கொடுத்து அனுப்பும் பெயரும் மதிப்பும். கட்டளை வரியைவிடத் தேவலை. அதை அந்தப் பயனரும், நிர்வாகியான ரூட்டும்தான் பார்க்க முடியும். ஆனால் உங்கள் புரோகிராம் கிளப்பிவிடும் ஒவ்வொரு துணைப் புரோகிராமுக்கும் அது தானாகப் போய்ச் சேரும். ஏதாவது ஒன்று பிழை வந்து விழும்போது தன் சூழல் முழுவதையும் லாக்கில் கொட்டினால் கதை முடிந்தது.

ஃபைலில் வைப்பது என்றால் அனுமதி 600 இருக்கட்டும், அதாவது உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இதில் கறார்: அதன் பாஸ்வேர்ட் ஃபைலை மற்றவர்களும் படிக்க முடிகிற மாதிரி வைத்திருந்தால், எச்சரித்துவிட்டு அந்த ஃபைலைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். அந்தக் கறாரை உங்கள் புரோகிராமிலும் வையுங்கள், நாலு வரி வேலைதான்.

ராத்திரி தானாக ஓடும் வேலையில் யார் பாஸ்வேர்ட் தட்டுவது?

யாரும் இல்லை. கேள்வியே அங்கே வரக்கூடாது. நிலையான உள்ளீடு (புரோகிராமுக்குத் தகவல் வரும் வழி) டெர்மினல்தானா என்று ‘இஸ்-ஏ-டிடிஒய்’ வைத்து முதலில் பாருங்கள். டெர்மினல் இல்லை என்றால் பாஸ்வேர்டை ஃபைலிலிருந்தோ குழாய் (ஒரு புரோகிராமின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்புவது) வழியாகவோ வாங்குங்கள். அதுவும் இல்லையா, தெளிவாக ஒரு பிழைச் செய்தி எழுதிவிட்டு வெளியேறுங்கள். நடுராத்திரியில் யாருமில்லாத திரையைப் பார்த்து பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு விடியும்வரை நின்ற புரோகிராம் ஒன்றை நானே எழுதியிருக்கிறேன். டாக்கர் என்ற கருவியின் லாகின் கட்டளையில் நிலையான உள்ளீட்டிலிருந்து பாஸ்வேர்ட் வாங்க என்றே தனி விருப்பம் வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துப் பழகலாம்.

வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பினேன். ‘பயனர் பெயர்:’ என்று முதல் வரியில் வந்து நிற்கிறதே?

இன்புட், தன் கேள்வியை நிலையான வெளியீட்டில் எழுதும். அந்த வெளியீட்டை நீங்கள் ஃபைலுக்குத் திருப்பியதால் கேள்வியும் அங்கேயே போனது. திரையில் ஒன்றும் இல்லை, ஃபைலின் முதல் வரியில் கேள்வி ஒட்டிக்கொண்டது. ஒரு மாங்கூழ் ஆலைக்கு நான் அனுப்பிய தோத்தாபுரி வரவுக் கணக்கில் இப்படி முதல் வரி கெட்டு, அங்கே எக்செல் முதல் தலைப்போடு என் கேள்வியையும் சேர்த்துக் காட்டியது.

கேள்வியைப் பிழை வெளியீட்டில் எழுதிவிட்டு, அப்புறம் எதுவும் கொடுக்காமல் இன்புட்டைக் கூப்பிடுங்கள். கெட்பாஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது யூனிக்ஸில் நேராக டெர்மினலையே திறந்து அங்கே கேட்கிறது, அங்கேயே வாங்குகிறது. தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சும் அப்படித்தான், அதனால்தான் எஸ்எஸ்ஹெச்சுக்குக் குழாய் வழியாக பாஸ்வேர்ட் அனுப்பப் பார்ப்பவர்கள் தோற்றுப்போகிறார்கள்.

பாஸ்வேர்ட் கேட்கும்போது புரோகிராம் செத்துவிட்டது. இப்போது எதைத் தட்டினாலும் தெரியவில்லை.

அணைத்த சுவிட்சைத் திரும்பப் போட ஆள் இல்லாமல் போய்விட்டது, வேறொன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு ‘எஸ்டிடிஒய் சேன்’ என்ற கட்டளையைத் தட்டி என்டர் அடியுங்கள், எழுத்து திரும்பி வந்துவிடும். கன்ட்ரோல்-சி அடித்து வெளியேறினால் கெட்பாஸ் தானே சரிசெய்துவிட்டுத்தான் போகும். எக்கோவை நீங்களே கையால் அணைத்தால், திரும்பப் போடும் வரியை ‘ஃபைனலி’ பகுதிக்குள் வையுங்கள். கில் கட்டளையில் 9 போட்டுக் கொன்றால் எந்த ஃபைனலியும் ஓடாது.

தமிழிலேயே பாஸ்வேர்ட் வைக்கலாமா?

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது. வைக்கலாம், ஆனால் நாலு இடத்தில் பார்த்துக் கால் வைக்க வேண்டும்.

முதலாவது, நாம் எண்ணும் எழுத்து வேறு, கணினி எண்ணும் எழுத்து வேறு. ‘தர்மபுரி’ நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் எட்டு: த, ர, புள்ளி, ம, ப, உகரக் குறி, ர, இகரக் குறி. ‘கிருஷ்ணகிரி’ நமக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. ‘குறைந்தது எட்டு எழுத்து’ என்று நீங்கள் வைத்த விதியை, ஐந்தே எழுத்துள்ள தர்மபுரி தாண்டிவிடும்.

இரண்டாவது, பேக்ஸ்பேஸ். ‘ரி’யை அழிக்க ஒரு தடவை அமுக்கினால் இகரக் குறி மட்டும் போகும், ‘ர’ அங்கேயே இருக்கும். திரையில் தெரிந்தால் கண்டுகொள்வோம், கெட்பாஸில் எதுவும் தெரியாதே. கன்ட்ரோல்-யூதான் கதி.

மூன்றாவது, ‘கொ’. இதை ஒற்றை ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், பைட்டுகள் வேறு. வீட்டுக் கணினியில் வைத்த பாஸ்வேர்டை மண்டியில் வேறு தட்டச்சு முறையில் அடித்தால் தவறு என்று வரலாம். மருந்து இருக்கிறது: ஹாஷ் செய்வதற்கு (திரும்ப எடுக்க முடியாத குறியீடாக மாற்றுவதற்கு) முன் பைத்தானின் யூனிகோட்-டேட்டா நூலகத்தைக் கொண்டு என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், வைக்கும்போதும் சரிபார்க்கும்போதும். ஆனால் ஔகாரத்தில் ஒரு விஷமம் இருக்கிறது. ‘கௌ’வை ஔகாரக் குறி போட்டு அடிப்பதற்குப் பதிலாக ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ போடுகிறவர்கள் உண்டு. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதை எந்த என்எஃப்சியும் சேர்த்து வைக்காது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து.

நாலாவது, நீளம். யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறை 72 பைட்டுக்கு மேல் பார்க்காது, ஆக 24 குறி. ‘கிருஷ்ணகிரி’ மட்டும் 33 பைட் சாப்பிடும். நீளமான சொற்றொடர் வைத்தால் கடைசிப் பகுதி கணக்கிலேயே வராமல் போகலாம். சில நூலகங்கள் பிழை சொல்லும், சில சத்தமில்லாமல் வெட்டிவிடும். தமிழ் பாஸ்வேர்டை அனுமதிக்கிறீர்கள் என்றால் ஆர்கான்2 என்ற ஹாஷ் முறைப் பக்கம் போய்விடுங்கள்.

பயனர் பெயரைக் கேட்காமல் கணினியிடமே கேட்டுக்கொள்ளலாமா?

கெட்பாஸ் நூலகத்திலேயே ‘கெட்யூசர்’ உண்டு. அது சில சூழல் மாறிகளைப் பார்த்துப் பெயரைச் சொல்லும். சூழல் மாறியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், ஆகவே அடைப்புக்குறிக்குள் முன்மொழிய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆதாரமாக எடுக்காதீர்கள். மண்டியில் அதற்கும் அர்த்தமில்லை. எல்லாரும் ஒரே கணக்கில்தான் கணினியைத் திறக்கிறார்கள்.

‘அப்படி ஒரு பயனர் இல்லை’ என்று சொன்னால் உதவியாக இருக்குமே?

திருடனுக்கும் உதவியாக இருக்கும். ‘பெயர் அல்லது பாஸ்வேர்ட் தவறு’ என்று ஒரே செய்தி. பெயர் தவறாக இருந்தாலும் பாஸ்வேர்டைக் கேட்டுவிட்டே மறுங்கள்.

எத்தனை முறை தவறவிடலாம்?

சூடோவும் எஸ்எஸ்ஹெச்சும் வழக்கமாக மூன்று முறை கேட்கும், நானும் மூன்று. ஆனால் எண்ணிக்கையைப் புரோகிராமுக்குள் ஒரு மாறியில் வைத்தால் பயனில்லை. மூடிவிட்டுத் திறந்தால் மறுபடி பூஜ்யம். தரவுத்தளத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் இரண்டு விநாடி தாமதம் வையுங்கள். ஆளுக்கு அது ஒன்றுமில்லை, தானாக முயலும் புரோகிராமுக்கு அதுதான் சுவர்.

சரிபார்க்க பாஸ்வேர்டை எங்காவது எழுதி வைக்கத்தானே வேண்டும்?

ஹாஷ் செய்து வையுங்கள், பாஸ்வேர்டை வைக்காதீர்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சிடிஎஸ்எஸ் என்ற பகிர்வுக் கணினியில் பாஸ்வேர்டுகள் அப்படியே ஒரு ஃபைலில் இருந்தன. 1966-இல் நிர்வாகிகள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்த ஆரம்பித்தார்கள்: ஒருவர் அன்றைய அறிவிப்பை, இன்னொருவர் பாஸ்வேர்ட் ஃபைலை. எடிட்டரின் தற்காலிக ஃபைலுக்கு இருந்தது ஒரே பெயர். இரண்டும் இடம் மாறி, லாகின் செய்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய பாஸ்வேர்டும் தெரிந்தது. அதைக் கட்டிய குழுவின் தலைவர் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ, பிற்பாடு டியூரிங் விருது உரையில் இதைத் தானே சொன்னார். 1979-இல் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் எழுதிய கட்டுரை, யூனிக்ஸில் பாஸ்வேர்டை எப்படி உப்பு சேர்த்து ஹாஷ் செய்தார்கள் என்று விளக்குகிறது. உப்பு என்றால் ஆளாளுக்கு வேறு வேறாகச் சேர்க்கும் சில எழுத்துகள். இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்ட் வைத்தாலும் ஹாஷ் ஒன்றாக இருக்காது.

இது சரிபார்க்கும் பக்கத்துக்கு. உங்கள் புரோகிராம் வேறு ஒரு சர்வரில் லாகின் செய்ய பாஸ்வேர்டை நினைவில் வைக்க வேண்டும் என்றால் ஹாஷ் உதவாது. ‘கீரிங்’ நூலகம் வழியாக இயங்குதளத்தின் பெட்டகத்திலேயே கொடுத்து வையுங்கள்.

சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் கிட் (நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) ஏற்க மறுக்கிறதே?

அந்த நிரலை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கணக்கு பாஸ்வேர்டை ஏற்பதில்லை. அந்தத் தளத்திலேயே டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலான நீண்ட எழுத்துச் சரம்) ஒன்று உருவாக்கி, பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தில் அதை ஒட்டுங்கள். ஒட்டும்போதும் திரையில் ஒன்றும் தெரியாது.

சீசனுக்கு மட்டும் வந்த பையன் போய்விட்டான். அவன் லாகினை என்ன செய்வது?

கணக்கு திறக்கும்போதே முடியும் தேதியையும் கேட்டு வாங்கிவிடுங்கள். என் புரோகிராமில் பெயர், பாஸ்வேர்ட், மறுபடியும் பாஸ்வேர்ட், அப்புறம் ‘எந்தத் தேதி வரை?’ என்று வரும். ஒன்றும் தட்டாமல் என்டர் அடித்தால் ஜூலை 31. இதைச் சேர்த்ததற்குக் காரணம், ஒரு வருஷம் அக்டோபரில் ஒரு மண்டியின் கணக்கைத் திறந்து பார்த்தபோது, சீசன் முடிந்து ஊருக்குப் போன பையனின் பெயரில் புதிதாக எடைச்சீட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. போட்டது அவன் இல்லை. அவன் பாஸ்வேர்ட் ஒரு காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி, கவுன்டருக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.